பதிவர் குழுமத்துக்கு எந்த மென்பொருள்?

டைப்பேட் என்னும் வலைப்பதிவுச் சேவை 2025 செப்டம்பர் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. 2003இல் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் நடந்த அந்தச் சேவையில் எழுதிவந்தவர்களுக்குத் தங்கள் பதிவுகளை எடுத்துக்கொண்டு வெளியேற ஏறத்தாழ ஒரு மாத அவகாசமே கிடைத்தது. வாக்ஸ் 2010லும் போஸ்டரஸ் 2013லும் இதே வழியில்தான் போயின. இப்படி ஒவ்வொரு சேவை மூடப்படும்போதும், பிறர் தயவில் இருப்பதைவிட நாமே ஒரு சர்வரை எடுத்து, யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் திறமூல மென்பொருள் ஒன்றை நிறுவி, நம் குழுவினர் எல்லோருக்கும் அதில் வலைப்பதிவு கொடுத்துவிடலாமே என்ற யோசனை எங்காவது எழுகிறது. யோசனை நல்லதுதான். ஆனால் அடுத்த நிமிடமே பேச்சு எந்த மென்பொருளில் எத்தனை வசதிகள் இருக்கின்றன என்ற ஒப்பீட்டில் இறங்கிவிடுகிறது. அந்த ஒப்பீடு பெரும்பாலும் தவறான முடிவில் கொண்டுபோய் விடுகிறது.

காரணம், பலர் சேர்ந்து வலைப்பதிவு எழுதுவது என்று ஒரே வாக்கில் சொல்லப்படுவது உண்மையில் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகளைக் குறிக்கிறது. ஒரே தளம், ஒரே முகப்பு, எழுதுபவர்கள் மட்டும் பலர் என்பது ஒன்று. இது ஓர் இதழின் அமைப்பு. ஒரே நிறுவலின் கீழ் ஆளுக்கொரு வலைப்பதிவு, ஆளுக்கொரு முகவரி, ஆளுக்கொரு தோற்றம் என்பது இன்னொன்று. ஒவ்வொருவரும் தத்தம் குறிப்பேட்டில் எழுத, யார் எழுதியதை யார் படிக்கலாம் என்ற உறவே முதன்மையாக இருப்பது மூன்றாவது. ஒவ்வொரு மென்பொருளும் இவற்றில் ஏதோ ஒன்றை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. மற்ற இரண்டையும் செருகுநிரல்களால், அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்களால், ஒட்டவைக்க முடியும். ஆனால் அந்த ஒட்டு ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் பிரியும். ஆகவே குழு எந்த வகை என்று முடிவு செய்வதே முதல் வேலை, அதைச் செய்துவிட்டால் பட்டியலில் இரண்டு மூன்று பெயர்கள்தாம் மிஞ்சும்.

மூன்றாவது வகையின் முன்னோடி லைவ்ஜர்னல். திறமூலம் ஒரு பதிவர் சமூகத்துக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதை அதன் வரலாற்றைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை. பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் 1999இல் தன் நண்பர்களுக்காகத் தொடங்கிய அந்தத் தளத்தின் நிரல், பெர்ல் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டு, ஜிபிஎல் என்னும் திறமூல உரிமத்தில் வெளியிடப்பட்டது. தளத்தின் பளு கூடியபோது தரவுத்தளத்தை ஒவ்வொரு முறையும் தொந்தரவு செய்யாமல் நினைவகத்திலிருந்தே தரவுகளைத் தருவதற்காக 2003இல் எழுதப்பட்ட மெம்கேஷ்ட் என்னும் மென்பொருள், பின்னர் இணையத்தின் பெருந்தளங்கள் பலவற்றின் அடித்தளமானது. பூட்டிய பதிவுகள் லைவ்ஜர்னலின் உயிர்நாடி. ஒரு பதிவை எல்லோருக்கும் காட்டலாம், நண்பர்களுக்கு மட்டும் காட்டலாம், நண்பர்களுக்குள்ளும் தானே வகுத்த ஒரு சிறு குழுவுக்கு மட்டும் காட்டலாம். பொதுவெளியில் சொல்ல முடியாத நோய், குடும்பம், காதல் எல்லாம் அங்கே எழுதப்பட்டது அந்தப் பூட்டை நம்பித்தான்.

2005 ஜனவரியில் சிக்ஸ் அபார்ட் நிறுவனம் லைவ்ஜர்னலை வாங்கியது. 2007 மே மாத இறுதியில், வெளியார் சிலர் கொடுத்த புகாரின் பேரில் சுமார் 500 கணக்குகள் ஒரே வீச்சில் முடக்கப்பட்டன. அவற்றில் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களின் ஆதரவுக் குழுக்களும் இலக்கிய வாசிப்புக் குழுக்களும் இருந்தன. நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பலவற்றைத் திருப்பித் தந்தாலும் நம்பிக்கை திரும்பவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் சேவை ரஷ்யாவின் சூப் நிறுவனத்துக்குக் கைமாறியது. 2016 இறுதியில் சர்வர்கள் ரஷ்யாவுக்கு இடம்பெயர்ந்தன. 2017 ஏப்ரலில் பயனர்கள் அனைவரும் ரஷ்யச் சட்டத்துக்கு உட்பட்ட புதிய விதிகளை ஏற்க வேண்டியதாயிற்று.

நிரல் திறந்திருந்ததன் பயன் இந்த இடத்தில்தான் தெரிந்தது. லைவ்ஜர்னலில் முன்பு பணியாற்றிய டெனிஸ் பவுலூச்சி, மார்க் ஸ்மித் இருவரும் அதே நிரலைப் பிரித்தெடுத்து 2009 ஏப்ரல் 30 அன்று டிரீம்விட்த் தளத்தைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தனர். விளம்பரம் இல்லை, கட்டணம் செலுத்துவோரின் பணத்தில் நடக்கிறது, இன்றுவரை இருக்கிறது. லைவ்ஜர்னலில் ‘நண்பர்’ என்ற ஒரே உறவுக்குள் அவர் எழுதுவதை நான் படிக்கிறேன் என்பதும், என் பூட்டிய பதிவை அவர் படிக்கலாம் என்பதும் சேர்ந்தே கிடந்தன. டிரீம்விட்த் அவை இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தது. கேட்பதற்குச் சிறிய மாற்றம். ஆனால் ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கினால் மனத்தாங்கல் வருமே என்ற பல்லாண்டுச் சங்கடத்தை அது தீர்த்தது, பயனர்களோடு சேர்ந்து வாழ்ந்தவர்கள் நிரலைக் கையில் எடுத்ததால் மட்டுமே அது சாத்தியமாயிற்று.

நிரல் தராததும் ஒன்று உண்டு. லைவ்ஜர்னலிலிருந்து டிரீம்விட்துக்கு ஒருவர் தன் குறிப்பேட்டை இறக்குமதி செய்தால் அவருடைய பதிவுகளோடு மற்றவர்கள் இட்ட மறுமொழிகளும் வந்து சேரும். மறுமொழி இட்டவர்களுக்குப் புதிய இடத்தில் கணக்கு இருக்காதே, அதை யார் பெயரில் வைப்பது? அவர்களின் பழைய லைவ்ஜர்னல் முகவரியையே ஓப்பன்ஐடி (ஒரு தளத்தின் கணக்கைக் கொண்டே வேறு தளத்தில் நுழையும் முறை) அடையாளமாகக் கொண்டு அந்த மறுமொழிகள் சேமிக்கப்பட்டன. உரியவர் பின்னாளில் வந்தால் அது தன்னுடையது என்று உரிமை கோரிக்கொள்ளலாம். மிக நேர்த்தியான தீர்வு. ஆனாலும் வராதவர்கள் வரவில்லை. மென்பொருளையும் எழுத்தையும் நகர்த்தலாம், வாசக உறவுகளை நகர்த்துவது அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது. மேலும், லைவ்ஜர்னல் நிறுவனம் 2014 வாக்கில் தன் நிரலைப் பொதுவில் வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. தான் எழுதியதன் காப்புரிமையைத் தானே வைத்திருப்பவர் அடுத்த பதிப்பை மூடிக்கொள்ள எந்தத் திறமூல உரிமமும் தடையாக இராது. ஏற்கெனவே வெளியிட்டதை மட்டுமே திரும்பப் பெற முடியாது.

ஆளுக்கொரு வலைப்பதிவு என்ற இரண்டாவது வகைக்கு வேர்டுபிரஸ் எப்படி இயல்பான விடையானது என்பதும் ஓர் உரிமக் கதைதான். 2004 மே மாதம் வரை தீவிரப் பதிவர்களின் கருவி மூவபிள் டைப். அதன் நிரலைப் படிக்கவும் திருத்தவும் முடிந்தது, தனிப் பயன்பாட்டுக்கு இலவசமாகவும் இருந்தது, ஆனால் அது திறமூல மென்பொருள் இல்லை. அந்த வேறுபாட்டைப் பலர் பொருட்படுத்தவில்லை. அம்மாதம் வந்த மூன்றாம் பதிப்பு, ஓர் எழுத்தாளர், மூன்று வலைப்பதிவுகள் என்ற வரம்புக்குள் மட்டுமே இலவசம் என்று அறிவித்தது. நண்பர்கள் பத்துப் பேருக்குத் தன் சர்வரில் இடம் கொடுத்திருந்தவர் திடீரென்று பணம் கட்ட வேண்டியவரானார். பெயர் பெற்ற பதிவர்கள் சிலர் வெளிப்படையாக அறிவித்துவிட்டே வெளியேறினர், அதே மாதம் 1.2 பதிப்பை வெளியிட்டிருந்த வேர்டுபிரஸ் அவர்களை ஏற்றுக்கொண்டது. மூவபிள் டைப் 2007 டிசம்பரில் ஜிபிஎல் பதிப்பு ஒன்றை வெளியிட்டது. 2013இல் அதையும் கைவிட்டது.

வேர்டுபிரஸ் ஒரு வலைப்பதிவுக்கென்றே எழுதப்பட்டது. ஒரே நிறுவலில் பல வலைப்பதிவுகளை நடத்துவதற்கு வேர்டுபிரஸ் எம்யூ என்ற தனிக் கிளை இருந்தது. 2010 ஜூனில் வந்த 3.0 பதிப்பில் அது மூல மென்பொருளோடு இணைக்கப்பட்டு மல்டிசைட் என்று பெயர் பெற்றது. இதை நிறுவ விரும்புபவர் அதன் உள்ளமைப்பைக் கொஞ்சமாவது பார்த்துவிட வேண்டும். பயனர் பட்டியல் எல்லோருக்கும் பொது. பதிவுகள், மறுமொழிகள், பகுப்புகள், அமைப்புகள் முதலியவை ஒவ்வொரு வலைப்பதிவுக்கும் தரவுத்தளத்தில் தனித்தனி அட்டவணைகள். புதிய வலைப்பதிவு ஒன்று திறக்கப்படும்போது பத்து அட்டவணைகள் புதிதாக உருவாகின்றன; 300 பேருக்கு வலைப்பதிவு கொடுத்தால் 3,000 அட்டவணைகள். இதைச் சமாளிப்பது தரவுத்தளத்துக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் காப்புப்பிரதி எடுக்கும் நிரலும், புதுப்பிப்பின்போது ஒவ்வொரு வலைப்பதிவாகச் சென்று அட்டவணைகளைச் சரிசெய்யும் செயலும், பலர் பகிர்ந்துகொள்ளும் சாதாரண சர்வரின் நேர வரம்பில் மூச்சு வாங்கும்.

மல்டிசைட் ஓர் ஒண்டுக்குடித்தனம். அறை அவரவருக்கு, கிணறும் முன்கதவும் பொது, சாவி வீட்டுக்காரரிடம். செருகுநிரல்களையும் வடிவமைப்புகளையும் நிறுவும் உரிமை தலைமை நிர்வாகிக்கு மட்டுமே உண்டு. தன் வலைப்பதிவுக்குத் தானே நிர்வாகி என்று நினைத்துக்கொண்டிருக்கும் பதிவர், நிறுவப்பட்டவற்றிலிருந்து தேர்ந்துகொள்ளவே முடியும். தனி வேர்டுபிரஸில் நிர்வாகி ஒருவர் தன் பதிவுக்குள் எந்த நிரல்துண்டையும் ஒட்டலாம். மல்டிசைட்டில் அதே பதவியில் உள்ளவர் ஒட்டினால் சேமிக்கும்போது அது சத்தமில்லாமல் நீக்கப்படும். ‘போட்டேன், காணோம்’ என்று வரும் புகார்களில் பாதி இதனால்தான். கட்டுப்பாடு நியாயமானது: ஒரு வலைப்பதிவில் ஒட்டப்படும் தீய நிரல், பொதுப் பயனர் பட்டியல் வழியே எல்லா வலைப்பதிவுகளையும் எட்டக்கூடும். கோப்பின் அளவு வரம்பும் இப்படித்தான். இயல்பாக 1,500 கிலோபைட் என்று வைக்கப்பட்டிருப்பதால், இன்றைய கைப்பேசியில் எடுத்த சாதாரணப் படம்கூட மறுக்கப்படும். முதல் நாளே மாற்ற வேண்டிய அமைப்பு அது.

லைவ்ஜர்னல் பாணியிலான பூட்டு மல்டிசைட்டில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பதிவைப் பொதுவாக வைக்கலாம், தனிப்பட்டதாக வைக்கலாம், கடவுச்சொல் போட்டு வைக்கலாம். என் நண்பர்கள் மட்டும் படிக்கட்டும் என்பதற்கு வழியில்லை. பட்டிபிரஸ் என்னும் செருகுநிரல் நட்பு, குழு, செயற்பாட்டு ஓடை ஆகியவற்றைக் கொண்டுவருகிறது என்றாலும், வலைப்பதிவுப் பக்கங்களின் வாசிப்பு உரிமையை அது இயல்பாகக் கட்டுப்படுத்துவதில்லை. அந்தரங்கம் உயிர்நாடியாக உள்ள குழு ஒன்று, செருகுநிரல் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்று வேர்டுபிரஸுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு புதுப்பிப்பில் பூட்டு அவிழ்ந்தால் அழிந்துபோவது பதிவரின் குடும்ப வாழ்க்கையாக இருக்கலாம். அத்தகையவர்களுக்கு டிரீம்விட்த் நிரல் இருக்கிறது. ஆனால் பெர்ல் தெரிந்த ஒருவர் குழுவில் இல்லாவிட்டால் அதை நிறுவிப் பேணுவது நடவாத காரியம், அந்தத் தளத்திலேயே கணக்குத் தொடங்கிக்கொள்வது மேல்.

ஒரே இதழ், பல எழுத்தாளர்கள் என்னும் முதல் வகைக்கு மல்டிசைட் வேண்டியதே இல்லை. சாதாரண வேர்டுபிரஸில் பங்களிப்பாளர், எழுத்தாளர், தொகுப்பாசிரியர் என்று படிநிலைகள் உண்டு. பங்களிப்பாளர் எழுதி அனுப்பலாம், வெளியிட முடியாது. படமும் ஏற்ற முடியாது என்பது பலருக்குத் தாமதமாகத் தெரியவரும். கோஸ்ட் என்னும் மென்பொருள் இதே வகையைச் சேர்ந்தது. 2013இல் கிக்ஸ்டார்ட்டர் என்னும் கூட்டுநிதித் தளத்தின் வழியே 1,96,362 பவுண்டு திரட்டித் தொடங்கப்பட்டு, இலாப நோக்கற்ற அறக்கட்டளையாக நடத்தப்படுகிறது. எழுதும் பக்கம் துப்புரவாக இருக்கும், சந்தாவும் மின்னஞ்சல் மடலும் உள்ளேயே உண்டு. ஆனால் ஒரு நிறுவல் ஓர் இதழுக்கு மட்டுமே. ஆளுக்கொரு வலைப்பதிவு வேண்டுமென்றால் ஆளுக்கொரு கோஸ்ட் நிறுவ வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு ஜிபி நினைவகம் கேட்கும். மற்றொரு சங்கதியையும் கவனிக்க வேண்டும்: சொந்த சர்வரில் நிறுவிய கோஸ்ட், சந்தாதாரர்களுக்கு மொத்தமாக மடல் அனுப்ப மெயில்கன் என்னும் வணிகச் சேவையைச் சார்ந்தே இயங்குகிறது. நிரல் திறந்திருந்தும் முக்கியமான ஒரு வேலை வெளியார் கையில் இருக்கும் இத்தகைய இடங்கள் அறிமுகப் பக்கங்களில் பெரிய எழுத்தில் வருவதில்லை.

ட்ரூபல் ஒரு காலத்தில் சமூகத் தளங்களுக்கான முதல் பெயராக இருந்தது. பயனர் ஒவ்வொருவருக்கும் வலைப்பதிவு தரும் கூறு அதன் மையத்திலேயே இருந்தது. எட்டாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். ஏழிலிருந்து எட்டுக்குச் செல்வது புதுப்பித்தலாக இல்லாமல் குடிபெயர்வாகவே அமைந்தது, ஏழாம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. இன்று புதிதாகத் தொடங்கும் சிறு பதிவர் குழு அங்கே போகக் காரணமில்லை. நிரலாளர்களின் டெவ் சமூகம் 2018இல் திறந்த ஃபோரெம் நிரல், எல்லோருடைய பதிவுகளும் ஒரே ஓடையில் குறிச்சொற்களோடு ஓடும் அமைப்பு. பெரிய தொழில்நுட்பக் கூட்டத்துக்குப் பொருந்தும், ரூபி நிரல்மொழி, போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் தரவுத்தளங்கள் என்று அடுக்கடுக்காகப் பராமரிக்க ஆள் இருக்க வேண்டும்.

இவற்றுக்கு நடுவே என் மதிப்பில் உரிய கவனம் பெறாதது ரைட்ஃப்ரீலி. கோ மொழியில் எழுதப்பட்ட ஒரே ஓர் இயங்குகோப்பு, ஓர் அமைப்புக் கோப்பு, எஸ்கியூலைட் தரவுத்தளம்; அவ்வளவுதான். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் தனியாள் தளம் பலர் தளமாகும், இன்னொரு வரி புதியவர்கள் தாமே சேரலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கும், மற்றொன்று ஒருவருக்கு எத்தனை வலைப்பதிவுகள் என்று வரையறுக்கும். மாஸ்டடான் போன்ற திறந்த சமூக ஊடகத் தளங்களில் இருப்பவர்கள் அங்கிருந்தபடியே இங்குள்ள வலைப்பதிவைப் பின்தொடர ஆக்டிவிட்டிபப் நெறிமுறை வழி செய்கிறது. மறுமொழிப் பெட்டி கிடையாது. படங்களை வேறிடத்தில் ஏற்றி இணைப்பைத் தருவதே வழக்கம். எழுத்து மட்டுமே போதும் என்கிற கவிதைக் குழு, வாசிப்புக் குழு போன்றவற்றுக்கு இந்தக் குறை ஒரு வரம். மட்டுறுத்த வேண்டிய மறுமொழியே இல்லாதபோது நிர்வாகிக்கு இரவில் உறக்கம் வரும்.

உரிமங்களைப் பற்றிய பேச்சு வறட்சியாகத் தோன்றினாலும் மூவபிள் டைப்பின் கதைக்குப் பிறகு அதைத் தவிர்க்க முடியாது. கோஸ்ட் எம்ஐடி உரிமம் கொண்டது. யாரும் எடுத்து, மாற்றி, மாற்றத்தை மூடியும் வைக்கலாம். வேர்டுபிரஸின் ஜிபிஎல், நிரலைப் பிறருக்கு வழங்கினால் மூலத்தையும் தர வேண்டும் என்கிறது. ஆனால் சர்வரில் ஓடவிட்டுச் சேவையாகத் தருவது வழங்குவதாகாது. அந்த ஓட்டையை அடைக்கவே ஏஜிபிஎல் வந்தது. ரைட்ஃப்ரீலியும் ஃபோரெமும் அதன்கீழ் உள்ளன. குழு தன் தளத்துக்காக நிரலைத் திருத்தினால் அந்தத் திருத்தத்தைத் தளத்தின் பயனர்கள் கேட்டுப் பெறும் உரிமை அதில் உண்டு. பதிவர் சமூகம் ஒன்றுக்கு இது சுமையாகாது. மாறாக, நிர்வாகிகள் ஒருநாள் மனம் மாறினாலும் பதிவர்கள் அதே நிரலோடு வெளியேறலாம் என்ற உறுதியாக அதைக் கொள்ளலாம்.

உரிமம் மட்டும் பார்த்தால் போதாது என்பதை வேர்டுபிரஸே 2024இல் காட்டியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான மாட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற, வேர்டுபிரஸ் தளங்களுக்குச் சர்வர் இடம் தரும் நிறுவனத்துக்கும் எழுந்த சச்சரவில், அவ்வாண்டு செப்டம்பரில் வேர்டுபிரஸ் டாட் ஆர்க் தளத்தின் சேவைகளிலிருந்து அந்த நிறுவனம் துண்டிக்கப்பட்டது. அதன் வாடிக்கையாளர்கள் நிர்வாகப் பக்கத்திலிருந்து செருகுநிரல்களைப் புதுப்பிக்க முடியாமல் போனார்கள். அக்டோபரில் அந்த நிறுவனத்தின் பரவலான செருகுநிரல் ஒன்றின் பக்கம் வேறு பெயரில் வேர்டுபிரஸ் தரப்பின் வசமாயிற்று. டிசம்பரில் நீதிமன்றம் தலையிட்டுப் பழைய நிலைக்குத் திருப்ப உத்தரவிட்டது. இதில் யார் பக்கம் நியாயம் என்பது நம் கேள்வியில் அடங்காது. நிரல் ஜிபிஎல், ஆனால் உலகெங்கும் உள்ள நிறுவல்கள் புதுப்பிப்புக்காகத் தட்டும் கதவு ஒரு தனிமனிதரின் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது. மாற்றுக் கதவுகளைப் பரவலாக அமைக்கும் ஃபேர் என்னும் முயற்சி 2025 ஜூனில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அறிவிக்கப்பட்டது இதன் விளைவே. ஆகவே ஒரு மென்பொருளைப் பார்க்கும்போது நிரல் யாருடையது என்பதோடு, வணிகப்பெயர் யாருடையது, புதுப்பிப்பு எங்கிருந்து வருகிறது, கடைசி ஓராண்டில் எத்தனை பேர் நிரலில் கைவைத்திருக்கிறார்கள் என்பவற்றையும் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை ஒருவர் என்று வந்தால், எவ்வளவு அழகான மென்பொருளானாலும் தள்ளிவைப்பது நல்லது.

தமிழில் எழுதும் குழுவுக்கு இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு, ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒப்பீடுகளில் இவை வரவே வராது. முதலாவது, முகவரி. வேர்டுபிரஸ் பதிவின் தலைப்பையே முகவரியாக மாற்றுகிறது. தமிழ் எழுத்துகள் அங்கே விழுக்காட்டுக் குறியிட்ட வடிவில் (%E0 என்பது போல) சேமிக்கப்படுகின்றன. யூனிகோடின் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள், ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று எழுத்துகள், ஆக ஒரு குறிக்கு ஒன்பது. ‘வலைப்பதிவு’ என்ற சொல்லில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் சேர்த்துப் பத்துக் குறிகள் உள்ளன. அந்த ஒரு சொல்லே 90 இடங்களை அடைத்துக்கொள்ளும். தரவுத்தளத்தில் முகவரிக்கென ஒதுக்கப்பட்டிருப்பது 200. இரண்டு சொற்களுக்குள் முகவரி அறுந்துபோகும், ஒரே தொடக்கம் கொண்ட தொடர்கட்டுரைகள் எல்லாம் கடைசியில் 2, 3 என்ற எண் மட்டும் ஒட்டிய முகவரிகளாக நிற்கும். முகவரியைக் கையால் சுருக்கி எழுதும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே பதிவர்களிடம் ஏற்படுத்துவது எளிய வழி; பின்னால் மாற்றினால் பழைய இணைப்புகள் உடையும்.

இரண்டாவது, தேடல். ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழைய எழுத்துரு மாற்றிகளிலிருந்து வந்த பதிவுகளில் இரண்டாம் வடிவம் இருக்கும்போது, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எளிய தேடலில் அவை அகப்படாமல் போகலாம். எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் இறக்குமதி செய்யும்போதே எல்லா உரையையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

நிறுவிய பிறகு வரும் வேலைகள் எல்லா மென்பொருளுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம் என்று கதவைத் திறந்துவைத்தால் சில நாள்களிலேயே எரித (ஸ்பாம்) பதிவுகள் குவியும். அழைப்பின் பேரில் மட்டும் சேர்ப்பதே சிறு குழுவுக்கு உகந்தது. கடவுச்சொல் மீட்பு மடல் போய்ச் சேர, அது உண்மையில் நம் டொமைனிலிருந்து வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் அமைப்புகள் சரியாக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இதில் கறாராகிவிட்டன, பதிவர் உள்ளே வர முடியவில்லை என்றால் அவர் பழிப்பது மென்பொருளைத்தான். பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போட முடியாது: வேர்டுபிரஸ் 2017 ஜனவரி 26 அன்று 4.7.2 பதிப்பில் ஒரு பெருங்குறையைச் சரிசெய்துவிட்டு, அதன் விவரத்தை ஒரு வாரம் கழித்தே வெளியிட்டது. அதற்குள்ளும் புதுப்பிக்காத தளங்களில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் அலங்கோலமாக்கப்பட்டன. இந்தியாவில் நடத்துபவர்களுக்கு, பிறர் எழுதியதை வெளியிடும் தளம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பார்வையில் இடையீட்டாளராகும் என்பதும், 2021 விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் காட்ட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். புகார் பெறும் ஏற்பாடு மல்டிசைட்டில் இயல்பாக இல்லை. ஒரு படிவமாவது வைக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்தபின், தளமே நடத்த வேண்டுமா என்று கேட்கும் குழுக்களும் இருக்கின்றன, அவர்களின் கேள்வி நியாயமானது. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் யாருக்கும் வலைப்பதிவு கொடுக்கவில்லை. பிளாகரிலும் பிற இடங்களிலும் சிதறிக் கிடந்தவர்களின் செய்தியோடைகளைத் திரட்டி ஒரே பக்கத்தில் காட்டியது, அதிலேயே ஒரு பதிவுலகம் உருவானது. லினக்ஸ் கணினிகளுக்கான நோம் திரைமுகப்புத் திட்டத்தின் நிரலாளர்களுக்குப் பிளானட் என்னும் சிறு பைதான் நிரல் இதே வேலையைச் செய்தது. ஏற்கெனவே ஆளுக்கோர் இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும் முப்பது பேரை ஒன்றாக வாசகர் கண்ணில் காட்டுவதுதான் நோக்கம் என்றால், திரட்டி ஒன்றே போதும். அதில் காப்பாற்ற வேண்டிய கடவுச்சொல் கிடையாது, காப்புப்பிரதி எடுக்க வேண்டிய பதிவும் கிடையாது.

நடத்துவது என்றே முடிவானால், என் தேர்வு பெரும்பாலான குழுக்களுக்கு இப்படி அமையும்: ஆளுக்கொரு வலைப்பதிவும் படங்களும் மறுமொழிகளும் வேண்டுமெனில் குறைந்த செருகுநிரல்களோடு மல்டிசைட்; எழுத்து மட்டும் எனில் ரைட்ஃப்ரீலி; இதழ் எனில் சாதாரண வேர்டுபிரஸ், சந்தா மடல் முதன்மை எனில் கோஸ்ட். எதுவானாலும் பதிவர்களை அழைப்பதற்கு முன்பே ஓர் ஒத்திகை நடத்திவிட வேண்டும். சோதனைப் பதிவர் ஒருவரை உருவாக்கி, படத்தோடு சில பதிவுகளை எழுதி, சில மறுமொழிகளை இட்டு, பிறகு அவர் குழுவைவிட்டு விலகுவதாக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வேறொரு நிறுவலுக்கு எடுத்துச் செல்ல முயல வேண்டும். மல்டிசைட்டில் ஏற்றுமதிக் கோப்பு பதிவுகளையும் மறுமொழிகளையும் தரும். படங்களின் முகவரிகளை மட்டுமே தரும். புதிய இடத்தில் இறக்குமதி செய்யும்போது படங்கள் பழைய சர்வரிலிருந்து இழுக்கப்படுகின்றன. அந்த சர்வர் அப்போது உயிரோடிருக்க வேண்டும். சர்வர் கட்டணம் கட்டாமல் நின்றுபோன பிறகு அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு வரும் பதிவருக்கு எழுத்து கிடைக்கும், படங்கள் கிடைக்காது. செருகுநிரல்கள் தமக்கென உருவாக்கிக்கொண்ட அட்டவணைகளும் அந்தக் கோப்பில் இரா. எனவே படக் கோப்புறையின் நகல் ஒன்றைப் பதிவர் கேட்டவுடன் எடுத்துத்தர வழி வைத்திருப்பதும், டொமைன் பெயரும் சர்வர் கணக்கும் குறைந்தது இருவர் பொறுப்பில் இருப்பதும், தளத்தை மூட நேர்ந்தால் எத்தனை மாதம் முன்னறிவிப்பு என்பதைச் சேர்க்கையின்போதே எழுதிக்கொடுப்பதும் மென்பொருள் தேர்வின் பகுதிகளாகவே கொள்ளப்பட வேண்டும்.